மஞ்சள் பெட்டி

கடலுக்கு மேலே போகும் கேபிள் காரில் வழிகாட்டி வேலை என்றால், சிரித்த முகத்தோடு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். "இடப்பக்கம் பாருங்க, கலங்கரை விளக்கம். வலப்பக்கம், புது ஹோட்டலோட நீச்சல் குளம்." கேபிள் காரின் மஞ்சள் பெட்டியில் போய்வரும் வழிகாட்டி இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பெட்டி கடற்கரைக்கு மேல் வந்தபோது பயணி ஒருத்தி குதூகலித்தாள். "அங்க பாருங்க, ஒருத்தர் நமக்குக் கை காட்டறாரு!"

வழிகாட்டி எட்டிப் பார்த்தாள். கீழே நின்றது அவளுடைய தம்பி. ஆள் வளர்ந்தானே தவிர, மனசு வளராதவன். இந்நேரம் பக்கத்து வீட்டு அக்காவின் கண்காணிப்பில் இருக்க வேண்டியவன். போன லீவு நாளில் அவனை இங்கே கூட்டிவந்து, "அந்த மஞ்சள் பெட்டியிலதான்டா நான் இருப்பேன்" என்று பீற்றிக்கொண்டது அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பெட்டி நகர்ந்தது. அண்ணாந்து பார்த்தபடி அவனும் நடந்தான். மணல் முடிந்தது. தண்ணீரைப் பற்றி அவனுக்கென்ன கவலை! முழங்கால் நனைந்தது, தொடை நனைந்தது.

அவசர போனைப் பிடுங்கி நிலையத்து ஆபரேட்டரிடம் கத்தினாள். "அண்ணே, நிறுத்துங்க! என் தம்பி கடல்ல இறங்குறான். நீச்சல் தெரியாது!"

"நிறுத்திட்டேம்மா. ஆளும் அனுப்பியாச்சு. பதறாத."

பெட்டி நின்றது. இடுப்பளவு தண்ணீரில் தம்பியும் நின்றான். வாயெல்லாம் பல்.

"கரைக்கே திருப்புங்கண்ணே."

"திரும்பாதும்மா. முன்னாலதான் போகும்."

"டேய், வீட்டுக்குப் போடா!" தொண்டை கிழியக் கத்தினாள். மூடிய கண்ணாடிக்குள் அது பயணிகளுக்கு மட்டும்தான் கேட்டது. யாரும் இப்போது படம் எடுக்கவில்லை.

பெட்டி ஆடத் தொடங்கியது. போனில் ஆபரேட்டரின் குரல் இறங்கியிருந்தது. "காத்து ஏறுதும்மா. எல்லாப் பெட்டியிலயும் ஜனம் இருக்கு. இதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது."

"ஆள் வரட்டும்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

கரையின் கோடியில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்துகொண்டிருந்தார். இன்னும் பொடிசாகத்தான் தெரிந்தார்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். போடா, பின்னால் போடா. அக்கா கை காட்டுகிறாள் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அவனும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

பெட்டி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. தம்பியும் கிளம்பினான்.