ஜேசுராஜின் ஒருசந்தி

ராயப்பன்பட்டி ஜேசுராஜுக்குத் தொண்ணூறு வயது வரை இருந்தே ஆகவேண்டும். பேராசை ஒன்றும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். முப்பது வயது மகள் மகிமாவுக்குப் புத்தி ஐந்து வயதோடு நின்றுபோனது. அவருக்குப் பிறகு அவளுக்குத் தலை சீவிவிடக்கூட நாதியில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் போனில் வந்த வீடியோ ஒன்றில் ஒருவர் பேசினார். சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பிலுள்ள செல்கள், தங்களுக்குள் கிடக்கும் பழுதான சாமானையெல்லாம் தாங்களே தின்று சுத்தம் செய்யுமாம், மூப்பு தள்ளிப்போகுமாம், எலிகள் அப்படிக் கூடுதலாக வாழ்ந்தனவாம். மனிதருக்கு இன்னும் உறுதியாகவில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜேசுராஜ் போனை அணைத்துவிட்டார். திராட்சைத் தோட்டக்காரருக்கு விளக்கம் வேறா வேண்டும்? கவாத்து வெட்டினால்தானே கொடி துளிர்க்கிறது!

தபசு காலத்தில் ஒருவேளை மட்டும் உண்டு ஊரே ஒருசந்தி இருந்தது, அவரும் இருந்தார். ஈஸ்டர் அன்று ஊர் கறி தின்றது, அவர் மட்டும் விடவில்லை. கேட்டவர்களிடம் "ஒருசந்தி" என்றார். மகளுக்காக நேர்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நேர்த்தியை யார் குறுக்கே விழுந்து கேட்பார்கள்? பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். பசியே எடுக்காமல் போனபோது, உடம்பு பழகிவிட்டது என்று பூரித்துப்போனார் மனுஷன்.

கண் மஞ்சளித்த பிறகுதான் தேனிக்குப் போனார். கணையத்தில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது.

"இவ்வளவு எளச்சிருக்கீங்க, யாருமே கேக்கலையா?" என்றார் டாக்டர்.

"ஒருசந்தி சார்."

"அதனால இது வரல. ஆனா அதுதான் இத மறைச்சிருச்சு."

சாவுக்கு அவர் பயப்படவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்து இதைத்தான் வளர்த்தோமா என்று வயிறெரிந்தது. மறுநாளே மகிமாவைக் கூட்டிக்கொண்டு, இப்படிப்பட்ட பெண்களுக்காகக் கன்னியர் நடத்தும் இல்லத்துக்குப் போனார்.

"பெத்தவக இருக்கிறவரைக்கும் நாங்க சேக்கிறதில்லையே" என்று மதர் சிரித்தார். "ஒங்களுக்கென்ன, ஒடம்பக் கொறச்சு வயசே தெரியாம இருக்கீக. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ஆறு மாசந்தான் மதர். டாக்டர் சொல்லிட்டாக."

மகிமா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஒரு கை முடிந்தும் மிச்சமிருந்தது. ஐந்துக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது.

"நெறயா இருக்குப்பா!" என்று கைதட்டினாள்.