நிலுவை இல்லை

சண்முகசுந்தரிக்குப் பொய் சொல்ல வராது என்பது தாலுகா அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. லீவு வேண்டுமென்றால் மற்றவர்கள் காய்ச்சல் என்று எழுதுவார்கள். இவள் மட்டும் "மாமியார் ஊரிலிருந்து வருகிறார், சமைக்க ஆளில்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துத் தாசில்தார் ஆவுடைநாயகத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் இத்தனை வருஷ உத்தியோகத்தில் எழுதியது ஒரே ஒரு பொய்தான். ஒரே வார்த்தை. ஆனால் அதை அரசாங்கத்து இணையதளத்தில் உலகமே பார்க்கும்படி எழுதிவிட்டாள்.

மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்து போனபிறகு, வீடு இடிந்தவர்களுக்கு நிவாரணம் வந்தது. அந்தத் தாலுகாவில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகும். யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியலை இணையதளத்தில் ஏற்றி, அதையே அச்செடுத்து ஒவ்வொரு ஊராட்சிப் பலகையிலும் ஒட்ட வேண்டும். கணக்குப் பிரிவு உதவியாளர் என்ற முறையில் அது சுந்தரியின் வேலை. அவள் அதை ஆசையாகச் செய்தாள். ஒரு காலத்தில் நிவாரணப் பணம் மேலே இருந்து புறப்பட்டு, வழியில் நாலு கைகளை நனைத்துவிட்டு, பாதியாய்த்தான் ஏழை கைக்கு வரும். ஊருக்கே கணக்கு தெரிந்துவிட்டால் எவன் வாயில் போட முடியும் என்பது அவள் கட்சி. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பட்டியலை எழுதுகிறவளே தப்புச் செய்வாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் முடிகிற வாரத்தில் பதினோரு பேருக்கு அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது. ஒரு வங்கியை இன்னொன்றோடு சேர்த்ததில் கிளைக் குறியீடு மாறியிருந்தது. பாஸ்புக்கில் பழையதுதான் இருந்தது. சுந்தரி ஒவ்வொருவராகப் போனில் பிடித்துப் புது எண் வாங்கி மறுபடி அனுப்பினாள். பத்துப் பேர் முடிந்தது. பதினோராவது ஆள் கீழமடையூர் எலிசபெத், அறுபதாயிரம் ரூபாய். அந்த அம்மாள் போனை எடுக்கவே இல்லை. எப்படி எடுப்பாள்? அந்த வருஷம் மார்ச் முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. போதாக்குறைக்கு அன்றைக்கு ஈஸ்டர். கருவூலம் மட்டும்தான் கணக்கு முடிக்கத் திறந்து கிடந்தது. கீழமடையூரில் பாதி ஊர் கோயிலில் இருந்தது.

சாயங்காலம் ஆவுடைநாயகம் வந்து மேஜைப் பக்கத்தில் நின்றார்.

"சுந்தரி, ஆறு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும்னு கலெக்டர் ஆபீஸ்ல கேக்காவ. எல்லாத் தாலுகாவும் நிலுவை இல்லைன்னு குடுத்துட்டாவ. நம்மது என்ன நிலவரம்?"

"ஒண்ணே ஒண்ணு நிக்கு சார். அந்த அம்மா போன் எடுக்கல்ல."

"நானூத்துச் சொச்சத்துல ஒண்ணுதானே. வழங்கியாச்சுன்னு போட்டு அனுப்புங்க. நாளைக்குப் பைய சரிபண்ணிக்கிடலாம்."

அவர் அதட்டவில்லை, மிரட்டவும் இல்லை. அவர் மிரட்டியிருந்தாலாவது பின்னால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். சுந்தரி தானேதான் எலிசபெத் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் 'வழங்கப்பட்டது' என்று தட்டினாள். ஒரு நிலுவைகூட இல்லாமல் முடித்த தாலுகா என்று பாராட்டு வந்தது. அதற்காக அலுவலகத்தில் கொடுத்த கேசரியை அவளும் தின்றாள்.

நாளைக்கு என்பது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஏப்ரல் பிறந்ததும் செலவாகாத பணம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போய்விட்டது. எலிசபெத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டுமானால் புதிதாக அனுமதி கேட்டு எழுத வேண்டும். எழுதினால், நிலுவை இல்லை என்று மார்ச்சில் ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். பிறகு பதினேழு பி. அந்த விதியின் கீழ் ஒரு குற்றச்சாட்டு வந்தால் பதவி உயர்வு நின்றுவிடும் என்பது சர்க்கார் உத்தியோகத்தில் கடைநிலை ஊழியருக்குக்கூடத் தெரியும். துணை தாசில்தார் பட்டியலில் சுந்தரி பெயர் மூன்றாவதாக இருந்தது. பட்டியல் வெளியாகட்டும், அப்புறம் எழுதுவோம் என்று தள்ளிப்போட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஏப்ரலில் ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்திருக்க வேண்டியது, மே மாதத்தில் வாயைத் திறக்க முடியாத குற்றமாகிவிட்டது.

எலிசபெத் நேரில் வந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். கொத்தனாராக இருந்த புருஷன் செத்து ஆறு வருஷம். முதல் தடவை வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள், பணம் எப்போது வரும் என்று. இரண்டாம் தடவை பாஸ்புக்கோடு வந்தாள். மூன்றாம் தடவை வந்தபோது சிரிப்பு இல்லை.

"அம்மா, பேங்க்ல வரல்லங்காவ. நீங்க வந்துட்டுங்கிய. நான் யார நம்ப?"

"இங்க வழங்கியாச்சுன்னுதான் இருக்கு. பேங்க்ல இன்னொரு தடவ நல்லாக் கேளுங்க" என்றாள் சுந்தரி. அந்த வார்த்தையை வேறு யாரோ எழுதி வைத்ததுபோல, திரையைத் திருப்பிக் காட்டவும் செய்தாள்.

எலிசபெத் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தாள். "வீடு எங்க மாமனார் வீடும்மா. பாதி எங்க கொழுந்தனுக்கு. போர்டுல ஒட்டினதப் பாத்துட்டு என் பங்கத் தாங்காரு. வரல்லன்னு சொன்னா, கவர்மெண்டு பொய் சொல்லுமா, நீங்க பொய் சொல்லுதியளா மைனிங்காரு. ஊரே என்னையக் கள்ளிங்கு. மகளுக்கு மாப்பிள்ள பேசிக்கிட்டு இருக்கோம், அவங்க காதுக்கும் போயிட்டு."

அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுந்தரி சொல்லவில்லை. "பாக்கேன்" என்றாள். எலிசபெத் போனதும் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வந்திருந்தால் தன்னையே இன்னும் வெறுத்திருப்பாள்.

ஜூனுக்குப் பிறகு எலிசபெத் வரவில்லை. முதலில் சுந்தரிக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒருத்தி வராமல் போனதில் இவ்வளவு நிம்மதியா என்று நினைத்ததும் அந்த நிம்மதியும் போயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. டவுனில் பீடிக்கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருஷன் கணேஷ்ராம் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். டெஸ்டில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் நிவாரணப் பட்டியலை ஊர்மக்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் போய் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. கீழமடையூர் சுந்தரிக்கு விழுந்தது. வேறு ஊர் கேட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம். அவள் மாற்றவில்லை. அதை ரொம்பப் பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் எலிசபெத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பாஸ்புக் நகலை வாங்கிக்கொண்டு, தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு கடிதம் எழுதி, காதும் காதும் வைத்தாற்போல் பணத்தை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஊருக்கே தெரிய வேண்டும் என்று பேசினவள்தான்.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்திருந்தது. வாழைத்தோப்புப் பக்கமிருந்து காற்று அடித்துப் பந்தல் துணி படபடத்தது. நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில், தூணுக்கு அந்தப் பக்கம், எலிசபெத் இருந்தாள். கழுத்து மெலிந்து தோள் எலும்பு தெரிந்தது. சுந்தரியைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

ஊராட்சிச் செயலர் இசக்கிதுரை மைக்கைப் பிடித்துப் பட்டியலை வாசித்தார். அந்த ஊருக்குப் பத்தொன்பது பேர். ஒவ்வொரு பெயருக்கும் தொகையைச் சொல்லி, "வழங்கப்பட்டது" என்று ஒரே ராகத்தில் முடித்தார். பதிமூன்றாவது பெயர் எலிசபெத். அறுபதாயிரம், வழங்கப்பட்டது. பத்தொன்பதும் முடிந்தது. தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார்.

"என் பேரு எஸ்றா. எலிசபெத் எங்க மைனிதான். நாலு பேருக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். எங்க மைனி பணம் வரல்ல வரல்லன்னு மூணு மாசமா சாதிச்சாவ. போன மாசம் சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுல கூடியிருக்கும்போது, வந்துட்டு, ஒளிச்சு வச்சிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒத்துக்கிட்டு என் பங்கு முப்பதாயிரத்தயும் குடுத்துட்டாவ. அத நான் மனசுல வைக்கல்ல. ஆனா இந்த லிஸ்ட ஒட்டப்போயிதான் உண்மை வெளிய வந்துச்சு. இல்லன்னா எங்க குடும்பம் ரெண்டுபட்டிருக்கும். இத ஏற்பாடு பண்ணின ஆபீசருக்கு நன்றி சொல்லணும்னுதான் எந்திரிச்சேன்."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சுந்தரியைப் பார்த்துக் கைகூப்பினார். ஊராட்சித் தலைவர் தலையாட்டினார். கூட்டம் கைதட்டியது.

சுந்தரி எலிசபெத்தைப் பார்த்தாள். வராத பணத்தில் பாதியை இவள் எங்கிருந்து எடுத்துக் கொடுத்தாள்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று, செய்யாத திருட்டைச் செய்தேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு இப்போது தனக்குக் கைதட்டுகிறார்கள். இனி எதையும் காதும் காதும் வைத்து முடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. முடித்தால் பணம் கிடைத்துவிடும். எலிசபெத் சாகிறவரை கள்ளியாகவே இருப்பாள்.

அவள் எழுந்தாள். மைக்கை வாங்கத் தோன்றவில்லை.

"பணம் வரல்ல" என்றாள். "எலிசபெத்துக்கு அனுப்பின பணம் மார்ச்சுலயே திரும்பி வந்துட்டு. வழங்கியாச்சுன்னு போட்டது நான். அவங்க ஆபீசுக்கு வந்து வந்து கேட்டாங்க. தெரிஞ்சுக்கிட்டேதான் வழங்கியாச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன்."

இசக்கிதுரை மைக்கை அணைப்பதா வேண்டாமா என்று தலைவர் முகத்தைப் பார்த்தார். எஸ்றா கூப்பின கையை இறக்க மறந்து நின்றார்.

"அப்ப எனக்குக் குடுத்தது?" என்று கேட்டார், யாரிடம் என்று இல்லாமல்.

"மக கிறிஸ்டியோட சங்கிலி" என்றாள் எலிசபெத், இருந்த இடத்திலிருந்தே. "கல்யாணத்துக்குன்னு செஞ்சு வச்சது. வித்துட்டேன். நீங்க வராம எந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் உக்காந்து பேசுவான்?"

எஸ்றா உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

எலிசபெத் எழுந்து பெண்களுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். சுந்தரி அவளைப் பார்த்து, "மன்னிச்சிருங்க" என்றாள். "ரெண்டு மாசத்துல பணம் வாங்கித் தந்துருதேன். எனக்கு என்ன வந்தாலும் சரி."

"பணம் வரும்போது வரட்டும்" என்றாள் எலிசபெத். குரல் உயரவில்லை. "பதிமூணாம் நம்பர்ல என் பேர வாசிச்சாவல்லா, அது மாதிரி இதயும் எழுதி வாசிங்க. நீங்க வாயால சொல்லிட்டுப் போயிருவிய. நாளைக்கு எவனாவது கேட்டா நான் எதக் காட்ட?"

இசக்கிதுரை தீர்மான நோட்டை நீட்டினார். சுந்தரி எழுதினாள். பயனாளி எலிசபெத்துக்கு நிவாரணத் தொகை வழங்கப்படவில்லை, வழங்கப்பட்டதாகப் பட்டியலில் உள்ளது தவறு என்று, பதினெட்டு வருஷம் எழுதிப் பழகின கையெழுத்தில், அழகாக. நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

எலிசபெத் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"என் பேரு இருக்கு. உங்க பேரு இல்லையே."

சுந்தரியின் பேனா நின்றது. பெயரை எழுதினால் கைவிட்டுப் போகப்போகிற துணை தாசில்தார் நாற்காலி கண்முன்னால் தெரிந்தது. பொய் இல்லை, அந்த நேரத்திலும் தெரியத்தான் செய்தது. எழுதினதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே புதிதாக ஆரம்பித்தாள். மைக்கை எடுத்து வாசித்தாள்.

"கணக்குப் பிரிவு உதவியாளர் சண்முகசுந்தரி ஆகிய நான், எலிசபெத் என்பவருக்குப் பணம் சேரவில்லை என்று தெரிந்தும்..." இந்த இடத்தில் குரல் கம்மிவிட்டது.

"பின்னால கேக்கல்ல" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள்.

எலிசபெத் அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. முதலிலிருந்து என்பதுபோல விரலால் நோட்டின் மேல்வரியைத் தொட்டுக் காட்டினாள்.

சுந்தரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் பெயரிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள்.