இடச்செவி

"வலது காதுல சொல்லுடி! எடது காதுல சொன்னா போற உசுருக்கு எப்டி வழி கெடைக்கும்?"

அத்தை வரலட்சுமி தோளைப் பிடித்துத் தள்ளினாள். ராமசெல்வி கட்டிலைச் சுற்றிவந்து தந்தை சின்னப்பையனின் வலப்புறம் மண்டியிட்டாள். அவர் மூச்சு நெடிய இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. ஒற்றியூர்க் கோயில் திருநீறு நெற்றியில் இன்னும் ஈரமாயிருந்தது. ஐந்தெழுத்தைச் செவியில் ஓதி அனுப்புவது அவ்வீட்டின் வழக்கம். தம் தாய்க்கும் மனைவிக்கும் அவரே ஓதினார். தமக்கு மகள்தான் ஓதவேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தார். அது அவர் செவியில் விழவேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"நமசிவாய" என்றாள். அவர் முகத்தில் அசைவில்லை.

"கத்திச் சொல்லு. அதான் காது மெஷினு கீதில்ல?"

"அது எடது காதுல கீது அத்தே."

"வலது காதுதான் கொஞ்சம் கேக்குதுன்னு அந்த டாக்டரம்மா சொல்லிச்சே! பின்ன இன்னாத்துக்கு எடதுல மாட்டுனீங்கோ?"

ராமசெல்வி வலச்செவியை நோக்கி இன்னும் குனிந்தாள்.

பெரம்பூரில், செவிக்கருவி பொருத்தும் ஒரு மருத்துவமனையில் காப்பீட்டு பில் போடுவது அவள் வேலை. பரிசோதனை, காது அச்சு, கருவி, பொருத்தும் கட்டணம் என்று நான்கு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் காது என்று ஒரு கட்டம். ஊழியர் குடும்பக் காப்பீட்டில் தந்தைக்கு ஒரு காதுக்கே இடமிருந்தது. கொதிகலன் ஆலையின் முப்பதாண்டு இரைச்சலில் இடச்செவி ஏறக்குறைய அவிந்துபோயிருந்தது. வலத்தில் சிறிது மிச்சம். ஆயினும் நான்கு கட்டங்களிலும் அவள் 'இடது' என்று அடித்துவிட்டாள். ஒப்புதல் வந்த பிறகே கண்டாள். திருத்தம் கேட்டால் மேலாளருக்குத் தெரியும். அம்மாதத்தில் அது மூன்றாவது பிழை. முதலிரண்டுக்கே எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. "நைனாவுக்கு எடதுதான் வசதியாம்" என்று அந்த டாக்டரம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாள்.

பொருத்திய அன்று சின்னப்பையன் கையிலிருந்த பரிசோதனைத் தாளையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"சரிதாம்மா. வலது காத ஒங்கத்தைக்கு வுட்டுடலாம், அது போடுற கூச்சலுக்கு மெஷினே வாணாம். எடது ஒனக்கு."

அன்றுமுதல் அவள் வாய் திறந்தாலே தலையைத் திருப்பி அந்தச் செவியைத் தருவார். தெளிவாகக் கேட்கிறதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது வலச்செவியில் உதடு பதியக் கத்தினாள். குரல் உடைந்து, இறைவன் பெயர் தெருவில் ஆளைக் கூப்பிடுவதுபோல் வந்தது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தனர்.

அவர் தலை அசைந்தது. மெல்ல, மிகமெல்ல, முகம் அவள் பக்கம் திரும்பியது. வலச்செவி தலையணையில் புதைந்தது. கருவியோடு இடச்செவி மேலே வந்தது.

"ஐயோ, அண்ணன் காத மூடிக்கிச்சே! நேராக்குடி!"

ராமசெல்வி நேராக்கவில்லை. அந்தச் செவியின்மேல் குனிந்து, தாழ்ந்த குரலில் ஐந்தெழுத்தைச் சொன்னாள். பிறகு வேறேதோ சொன்னாள். அருகிலிருந்த அத்தைக்கும் அது கேட்கவில்லை.

மூச்சு ஒருமுறை வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தனர்.

ஒரு மணி நேரத்தில் குளிர்பெட்டி வந்தது. உள்ளே கிடத்தியதும் தலை மறுபடி வலப்பக்கம் சாய்ந்தது. அத்தை அதை நிமிர்த்தி, துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தாள்.

அவள் மாலை வாங்க வாசலுக்குப் போனதும், ராமசெல்வி மூடியைச் சற்றே தூக்கி அந்தத் துண்டை உருவினாள்.