திருகி வைத்த நட்டு

மூன்றாவது முறையாக வண்டி கிளம்பாமல் போன வெள்ளிக்கிழமை காலையில்தான், யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்ற என் சந்தேகம் உறுதியானது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஜோராகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு ரயிலில் வருகிறாள். பேரனின் முகத்தை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். "ஸ்டேஷனுக்கு நானே நம்ம வண்டியில வரேன்" என்று மகளிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்துதான் வண்டிக்கு இந்தக் கோளாறெல்லாம்.

என் காருக்கு முப்பத்தொரு வயது. அதை மெக்கானிக் யாரும் தொட்டதில்லை. கார்பரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பியிருக்கிறேன், கிளட்ச் தட்டை வாசலில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறேன். அதன் இருமலும் தும்மலும் எனக்கு அத்துப்படி. பழைய வண்டி தானாகக் கெட்டுப்போனால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் முனகும், பிறகு அடம்பிடிக்கும், கடைசியில்தான் படுக்கும். இது அப்படி இல்லை. முதல் தடவை, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலிலிருந்து போகும் தடித்த ஒயர் கழன்று கிடந்தது. அதிர்வில் வந்திருக்கும் என்று செருகிவிட்டுச் சும்மா இருந்தேன். இரண்டாவது தடவை பேட்டரி முனை தளர்ந்திருந்தது. அதை இறுக்கியவன் நான், என் இறுக்கம் எனக்குத் தெரியும்.

சந்தேகம் அப்போதே நேராகத் தம்பிமேல் போனது. அவனுக்கு எங்கள் வீட்டில் 'ஷோரூம்' என்று பெயர். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொருள்மேல் மட்டும்தான் அவனுக்கு நம்பிக்கை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான், வாரத்தில் நாலு நாள் வந்துவிடுவான், வரும்போதெல்லாம் என் வண்டியைப் பார்த்து உச்சுக் கொட்டுவான். "ஞாயித்துக்கிழமை என் வண்டிய எடுத்துட்டுப் போலாம்ணா, ஏசி இருக்கு" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டான். அவன் காட்டிய அக்கறையே எனக்கு உறுத்தியது. புதன்கிழமை அவன் வருவதற்கு முன்பு, பானெட்டின் அடி விளிம்பில், விரல் விட்டுத் தூக்கும் இடத்தில், கறுப்பு கிரீஸைத் தடவி வைத்தேன். சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்கு நகக்கண்ணை விட்டுப் போகாத சரக்கு அது.

வெள்ளிக்கிழமை வண்டி படுத்ததும் வழக்கமாகச் செய்வதை நான் செய்யவில்லை. பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். அவசரம் என்றேன். பத்து நிமிடத்தில் ஓடி வந்தான். வந்தவனை வாசலிலேயே நிறுத்தினேன்.

"கையக் காட்டு."

"என்னண்ணா?"

"காட்டுடான்னா காட்டு."

நீட்டினான். வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டிலும் நகக்கண் கறுப்பு. எனக்குள் ஏறிய சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தம்பி மாட்டிக்கொண்டான் என்பதைவிட என் வண்டி குற்றமற்றது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"என் வண்டிய நோண்டறதுக்கு உனக்கு என்னடா அவ்வளவு ஆத்திரம்? பேரன் உன் கார்லதான் வரணுமா?"

அவன் தன் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணா, இது மீசை டை."

"பொய் சொல்லாத."

"பானெட்டு எந்தப் பக்கம் தொறக்கும்னுகூட எனக்குத் தெரியாது." குரல் உடைந்துவிட்டது. "அம்பது வயசுல என்னை வாசல்ல நிக்க வச்சு நகம் பாக்கறீங்க. நல்லா இருங்க."

சமையலறை ஜன்னலில் என் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். "அவரை ஏங்க?" என்று மட்டும் சொன்னாள். தம்பி அண்ணியிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அதற்குப் பிறகுதான் பானெட்டைத் திறந்தேன். இந்தத் தடவை காயிலின் மெல்லிய ஒயர். கழற்றி, ஓரமாக மடித்து, எதிலும் உரசாதபடி பைப்புக்கு அடியில் செருகியிருந்தது. அது இருந்த போல்ட்டில் வாஷர் இருந்தது. வாஷருக்குமேல் நட்டு, விரலால் மூன்று சுற்றுத் திருகி வைக்கப்பட்டிருந்தது.

நான் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியைக் கெடுக்க வந்தவன் நட்டைத் தூக்கி எறிந்திருப்பான். தம்பியாக இருந்தால் கீழே போட்டுவிட்டு, அது எங்கே உருண்டது என்று தெரியாமல் முழித்திருப்பான். ஏன், நானே கழற்றுகிற நட்டைச் சட்டைப் பையில் போட்டு மறந்துபோகிறவன்தான். கல்யாணமான புதிதில் அப்படித் தொலைந்த நட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. தரையில் குப்புறப் படுத்து, துடைப்பக் குச்சியால் வண்டிக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தவள் ஒருத்தி. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள்தான் சட்டம் போட்டாள். "கழட்டின நட்ட அதே போல்ட்டுல திருகி வைங்க. இனிமே நான் படுத்துத் தேட மாட்டேன்." இருபத்தாறு வருடமாக டார்ச் பிடித்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, எந்த ஒயரை எடுத்தால் வண்டிக்குச் சேதம் வராது என்று என் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பவள்.

ஒயரை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். அவள் நகக்கண்ணிலும் கிரீஸின் கறுப்பு இருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

"நீதானா?"

மறுக்கவில்லை. "ஆமா."

"நட்ட எதுக்குத் திருகி வச்ச?"

"தொலைஞ்சா நான்தானே தேடணும்?"

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்குக் கோபம்தான் வந்தது. "என் தம்பிய வாசல்ல வச்சு அசிங்கப்படுத்தினேன். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"அது என் தப்புதான். சாயந்திரம் போய் அவர்கிட்ட நானே சொல்றேன்." காரின் இடது பக்கம் வந்து நின்றாள். "நீங்க கண் டாக்டர் சீட்ட டேஷ்போர்டுக்குள்ள மேப்புக்கு அடியில வச்சிருக்கீங்களே, அதை யார்கிட்டச் சொல்றது?"

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கண் அழுத்தம், இடது கண் முக்கால்வாசி போய்விட்டது, வலது கண்ணும் ஓரத்திலிருந்து குறைய ஆரம்பித்திருக்கிறது. ஓரம்தானே என்று நினைத்தேன். நடுவில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தபோது பக்கத்து வீட்டுக்காரன்மேல் பழி போட்டேன். போன மாதம் சைக்கிளில் ஒரு பெண் சட்டென்று முளைத்து, கீழே விழுந்து எழுந்து, என்னைத் திட்டிவிட்டுப் போனாள். அவள்மேல்தான் தப்பு என்று வீட்டில் சொன்னேன்.

"மொதல்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒண்ணுமில்லேம்பீங்க. ஓட்டாதீங்கன்னா உங்களுக்கு ரோஷம் வரும், வண்டி கெட்டுச்சுன்னா வராது."

"வீட்டுலேருந்து ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர். மெதுவா ஓட்டுவேன். நானும் தாத்தாதான், எனக்கும் புத்தி இருக்கு."

"சரி" என்றாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், வரவில்லை. போய் கேட்டை விரியத் திறந்துவிட்டு வந்தாள். "சீட்டுல நேரா உக்காருங்க. தலையத் திருப்பக் கூடாது. நான் சொல்றப்ப, வண்டிய எடுக்கலாமா கூடாதான்னு சொல்லுங்க. எடுக்கலாம்னு நீங்க சொன்னது சரியா இருந்தா, ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட முன்சீட்டுல வரேன்."

இதில் என்ன சூது இருக்கிறது என்று யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். வெறுங்காலோடு நடந்ததால் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. எதிரே திறந்த கேட், அதற்கப்பால் வெயில் விழுந்த சாலை, எதிர் வீட்டு மதில், மதில்மேல் காயப்போட்ட சாக்கு. சாக்கிலிருந்த எழுத்தைக்கூட என்னால் படிக்க முடிந்தது. இவளுக்கு இன்றைக்கு நான் யார் என்று காட்டிவிடலாம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"ம்" என்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று நான் கவனிக்கவில்லை.

"காலியா இருக்கு. தாராளமா எடுக்கலாம்" என்றேன்.

அவள் சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். பிறகு, கூடாது என்று சொல்லியிருந்தும், தலையை இடது பக்கம் சற்றே திருப்பினேன்.

இடது ஹெட்லைட்டுக்கு ஒரு முழம் முன்னால், வண்டி போகவேண்டிய வழியில் அவள் நின்றிருந்தாள். மகள் வாங்கி வைக்கச் சொன்ன தொட்டில் துணியை மடித்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் தோளில் சாய்த்து வைத்திருந்தாள்.