வழியை மறித்த கார்

என் உயிரைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் மகன் டாக்டரைச் சொல்வான், மருமகள் கடவுளைச் சொல்வாள். இரண்டு பேர் சொல்வதும் தப்பு. வழியை மறித்து நிறுத்தியிருந்த எங்கள் வீட்டுக் கார்தான் காப்பாற்றியது.

நான் ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி நடைமேடை மாறி வருகிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே எழுந்து அடுத்த பக்கத்துக்கு ஓடும். அப்படிப்பட்ட குரல். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில் அந்தக் குரலுக்குக் குக்கர் விசிலுக்கு இருக்கிற மதிப்புகூடக் கிடையாது. குக்கர் கத்தினால் யாராவது எழுந்து போகிறார்கள்.

மகன் காப்பீட்டு அலுவலகத்தில் மேனேஜர். தங்கமான பையன், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவனுக்கு ஒரு வியாதி உண்டு. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவன் வாயிலிருந்துதான் வரும். செருப்புக் கடைக்காரர் என் காலைப் பிடித்துக்கொண்டு கடிக்கிறதா என்று கேட்டபோது, கடிக்கவில்லை என்று சொன்னதும் அவன்தான். அந்தச் செருப்பைப் போட்டு ஒரு வாரம் நொண்டினேன்.

இரண்டு மூன்று மாதமாக எனக்கு வெள்ளைப்பட்டது. மாதவிலக்கெல்லாம் நின்று பல வருஷம் ஆன பிறகு இது என்ன கூத்து என்று நினைத்தேன். முதலில் லேசாக இருந்தது. அப்புறம் மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தது, ஒரு நாள் ரத்தமும் பட்டது. நான் மறைக்கவில்லை. மருமகளை உட்காரவைத்து விலாவாரியாகச் சொன்னேன். அவள் தன் புருஷனிடம், அத்தைக்கு அந்த மாதிரி ஏதோ பிரச்சினையாம் என்றாள். அவன் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டு, அம்மா கொஞ்சம் பலவீனமாக இருக்கிறாள் என்றான். டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். நான் அனுப்பிய சேதி இரண்டு வாய் மாறி டானிக் பாட்டிலாகத் திரும்பி வந்தது.

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, ஒரு நாள் எல்லாம் திடீரென்று நின்றது. டானிக் வேலை செய்கிறது என்று மருமகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். அடுத்த இரண்டு நாளில் குளிர் காய்ச்சல் வந்தது, அடிவயிற்றுக்கும் கீழே உள்ளுக்குள் பிசைகிற மாதிரி ஒரு வலி பிடித்தது.

குடும்ப டாக்டரிடம் நேரில் போனோம். எனக்கு வெளிக்குப் போகிறதா என்று மகனைக் கேட்டார். ஒழுங்காகப் போகிறது என்று மகன் சொன்னான். அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கீழே வலிக்கிறது என்று நான் சொன்னேன். வயிற்றைச் சொல்கிறாள் என்று அவன் திருத்தினான். வாயு மாத்திரை கிடைத்தது. அடுத்த கிளினிக்கில் சிறுநீர் சோதித்து, அதில் ஒன்றும் இல்லை என்றதும், வயசாகிவிட்டது இல்லையா என்றார்கள். இதைக் கண்டுபிடிக்க இவர்கள் ஆறு வருஷம் படிக்கிறார்கள்.

அன்று காலை கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி, நடுக்கம். காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பச்சைத் திரை போட்ட மறைப்புக்குள் என்னைப் படுக்கவைத்தார்கள். மருமகள் அட்மிஷன் கவுண்டரில் வரிசையில் நின்றாள். ஓர் இளைஞர் வந்தார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் தூக்கம். குனிந்து என் காதருகே வந்து, பாட்டி, கேட்கிறதா என்று கத்தினார். எனக்குப் பேரன் பேத்தி கிடையாது, காது நன்றாக இருக்கிறது. இதைச் சொல்வதற்குள் அவர் மகன் பக்கம் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு என் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். பசி எப்படி, தூக்கம் எப்படி, சர்க்கரை உண்டா. மகன் மளமளவென்று ஒப்பித்தான். கடைசியில் அந்த டாக்டர், பாவம், கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கத்தான் செய்தார். யாரிடம் கேட்டார் என்பதுதான் தப்பு.

"லேடீஸ் பிராப்ளம் ஏதாவது இருக்கா சார்?"

மகன் முகம் சிவந்துபோனது. "சேச்சே, அதெல்லாம் எப்பவோ நின்னுடுச்சு டாக்டர்."

மலச்சிக்கலாக இருக்கும், எனிமா கொடுத்து வார்டில் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். நான் வாயைத் திறந்தேன். நீ அலட்டிக்காதேம்மா, நான் பேசுகிறேன் இல்லையா என்று மகன் என் கையைத் தட்டிக்கொடுத்தான். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்தக் கட்டிலிலேயே நான் செத்துப்போவேன், எதனால் செத்தாள் என்று யாராவது கேட்டால் அதற்கும் இவனே ஒரு காரணம் சொல்லிவிடுவான் என்று தோன்றியது. அடிவயிறு கல்லாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் திரையை விலக்கித் தலையை நீட்டினார். ஆம்புலன்ஸ் வருகிற வழியில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, அது யாருடையது என்று கேட்டார். மகன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

டாக்டருக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது, கேட்க ஆள் இல்லை. வாசலைப் பார்த்தார், குளுக்கோஸ் தொங்குகிற கம்பியைப் பார்த்தார். வேறு கதியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவன் வர்றதுக்குள்ள சொல்லிடறேன், கேட்டுக்குங்க" என்றேன். "ரெண்டு மூணு மாசமா எனக்கு வெள்ளப்பட்டுது. சீழ் மாதிரி, ஒரே நாத்தம். நடுவுல ரத்தமும் வந்துச்சு. போன வாரம் டக்குனு நின்னுடுச்சு. நின்னதுக்கு அப்புறம்தான் காய்ச்சலும் வலியும். வலி வயித்துல இல்ல, அதுக்கும் கீழ, உள்ளுக்குள்ள."

அவர் கையிலிருந்த பேனா நின்றது. "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஏன் என்னைக் கேக்கல?"

ஒன்று சொல்லவேண்டும், அந்தப் பிள்ளைக்கு ரோஷம் இருந்தது. எனிமாவைக் கொண்டுவந்த நர்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெண்கள் பிரிவு டாக்டரை அவரே போனில் கூப்பிட்டார். வந்தவர் குள்ளமான அம்மாள், சிடுமூஞ்சி, சாப்பிட்ட கை ஈரம்கூடக் காயவில்லை. என்னைச் சோதித்தார், ஸ்கேன் கருவியை அங்கேயே தள்ளிக்கொண்டு வரச் சொல்லி வயிற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

வயசானால் சிலருக்குக் கர்ப்பப்பையின் வாய் சுருங்கி மூடிக்கொள்ளுமாம். உள்ளே கிருமி பிடித்தால் சீழ் வெளியே வர வழியில்லாமல் பை மாதிரி நிரம்பும். என்னுடையது நிரம்பி வெடிக்கிற நிலையில் இருந்தது. வெடித்தால் வயிறு பூராவும் சீழ், அப்புறம் ஆளைத் தேற்றுவது கஷ்டம். இது அபூர்வம், அவர் பார்த்ததே கொஞ்சம்தான். வருகிறவர்களும் குடல் கோளாறு என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில்தான் வருகிறார்களாம்.

"நின்னது குணமானதால இல்லம்மா, வழி அடைச்சதால" என்றார்.

மகன் மூச்சு வாங்க ஓடிவந்து என்ன டாக்டர், என்ன ஆச்சு என்று கேட்டான். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன். வெளில நில்லுங்க." பிறகு என்னிடம், "இப்பவே ஆபரேஷன் பண்ணணும். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

என்னைக் கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். வலிக்கு அழவில்லை.

உள்ளே பார்த்தபோது பையின் மேல்பக்கம் கிழிய ஆரம்பித்திருந்ததாம். கழுவி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள், புற்றுநோய் இல்லை என்று வந்தது. நான் பிழைத்துக்கொண்டேன்.

வார்டுக்கு மாற்றியதும் சொந்தபந்தம் வரத் தொடங்கியது. மகன் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும், குடலில் சின்ன அடைப்பு, சரி பண்ணிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். விளைவு, ஒட்டு உறவு அத்தனையும் என் மலச்சிக்கலைப் பற்றிக் கவலைப்பட்டது. ஒருவர் வெந்நீர் என்றார், ஒருவர் வாழைப்பழம் என்றார். சம்பந்தி அம்மாள் போனிலேயே வயிற்றைத் தடவிவிடக் கற்றுக்கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் என் நாத்தனார் வந்தாள், என் வீட்டுக்காரரின் தங்கை. என் வயசுதான், அவளும் தன் மகன் வீட்டில்தான் இருக்கிறாள். ஆரஞ்சுப் பழப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் வழக்கம்போலக் குடலில் என்று ஆரம்பித்தான். எனக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. தையல் இழுக்க இழுக்க எழுந்து சாய்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷம் சோறு போட்ட குரலை எடுத்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

வார்டு முழுக்கத் திரும்பியது. ஊசி போட வந்த நர்ஸ்கூட நின்றுவிட்டாள்.

"எனக்கு எடுத்தது குடல் இல்ல, கர்ப்பப்பை. இதோ நிக்கிறானே, இவன் வாடகை குடுக்காம பத்து மாசம் குடியிருந்த வீடு. இருந்துட்டுப் போனவனுக்கு அந்த வீட்டோட பேரைச் சொல்ல வெக்கமா இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகன் தரையைப் பார்த்தான். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள், உரித்ததைத் தின்னவுமில்லை, எனக்குக் கொடுக்கவுமில்லை. என் மகனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணி, வெள்ளப்பட்டுதா? நாத்தமும் இருந்துச்சா?"

எனக்குப் பகீரென்றது.

"டேய், காரை எங்க விட்டிருக்க?" என்று மகனைக் கேட்டேன்.

"பார்க்கிங்லதாம்மா. சரியாத்தான் விட்டிருக்கேன்."

"இருக்கட்டும். போய் இன்னொரு தடவ பாத்துட்டு வா."

அவன் என்னைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். வாய்வரைக்கும் ஏதோ பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். போகும்போது கட்டிலைச் சுற்றியிருந்த திரையையும் இழுத்துவிட்டுப் போனான்.

நாத்தனார் பழத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.