ஓரெழுத்து உத்தரவு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கப் போனபோது கிடைத்தது. படம் எடுக்கும் பெண்மணி என் கையை மேசைமேல் மலர்த்தி வைத்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த ரோமத்தைப் பார்த்தார்.

"நாய் வளக்கிறீங்களா?"

"ஆமா."

"பூனையும் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீங்க இன்னும் வாழ்க்கையப் பாக்கல. அசையாதீங்க."

மீதியை அடுத்த நோயாளி வரும்வரை சொன்னார். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்த நாயின் கண்களில் உலகத்துத் துயரமெல்லாம் தேங்கி—'

வேண்டாம். அந்த நாயின் கண்களில் தேங்கியிருந்தது பீளைதான்.

இரண்டாவது: 'மனிதனுக்கும் விலங்குக்குமான உறவு மிகத் தொன்மையானது. ஆகவே—'

இந்த 'ஆகவே'க்குப் பிறகு எனக்கே தூக்கம் வந்துவிட்டது.

மூன்றாவது: ஒரு சனிக்கிழமை மதியம், தம்பி ஒரு பெட்டியோடும் ஒரு நாயோடும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

இது போதும்.

(எக்ஸ்ரே பெண்மணி இனி 'அக்கா'. நேரில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. எழுதுகிறவனுக்கு இந்தத் திமிர் உண்டு.)

தம்பி பதினோரு வருடம் மரக்கடைக் காவலாளி. கடையை இடித்துவிட்டார்கள், அங்கிருந்த நாய் அவனோடு வந்துவிட்டது. அதற்கு மேனேஜர் என்று பெயர். யார் குரலை உயர்த்தினாலும் மேசைக்கடியில் போய்விடும் என்பதால் கடை ஆட்கள் வைத்தது.

அக்கா வீட்டில் இரண்டு பூனைகள்: அம்மணி, பொட்டு. (உண்மையில் அம்மணி மட்டும்தான். தலைப்பில் 'பூனைகள்' என்று பன்மையில் எழுதிவிட்டதால் பொட்டுவைச் சேர்த்தேன். பிறகு தலைப்பு மாறிவிட்டது. பொட்டுவுக்கு வேலை ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜ் மேல் தூங்கட்டும்.)

"ஒரு மாசம் பாப்போம்க்கா" என்றான் தம்பி. "ஒத்து வரலைன்னா இதைக் கூட்டிக்கிட்டு நான் வேற எடம் பாத்துக்கறேன். என்னை விட்டா இது சோறு திங்காது."

அக்கா "சரி" என்றாள். அந்த வீட்டில் அவள் இருபது வருடம் தனியாகச் சாப்பிட்டவள். தம்பி வந்த முதல் வாரத்திலேயே, சாப்பாட்டை நொட்டை சொல்ல ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்துப்போனது. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இருவருக்குமே இல்லை. ஆகவே—

(பார்த்தீர்களா, மறுபடியும்.)

நாய்க்குக் கொடுத்த கெடுதான் தம்பிக்கும்.

3

கால்நடை மருத்துவர் சொன்னபடி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தம்பி ஒரு வலைக்கதவு செய்து மாட்டினான். ஒரு பக்கம் நாய், மறுபக்கம் பூனைகள். இரு தரப்புச் சாப்பாட்டுத் தட்டுகளும் நாளுக்கு ஒரு சாண் கதவை நெருங்கின. வாடை பழகட்டும் என்று பூனை படுத்த துண்டு நாய்க்குப் போனது. நாய் படுத்த சாக்கு பூனைக்கு. அம்மணி ஏறித் தப்பிக்க உயரத்தில் ஒரு பலகை அடித்தாயிற்று.

"பூனையப் பாத்துட்டுத் திரும்பி என்னப் பாத்தா அவிச்ச முட்டை" என்று தம்பி விளக்கினான். "பூனையவே மொறச்சா ஒண்ணும் கிடையாது."

"என்னைப் பாத்தா?"

"உன்னைப் பாத்தா அதுக்குப் பசியே போயிடுது."

கிண்டலுக்குச் சொன்னது. ஆனால் உண்மையாக இருந்தது. பகலெல்லாம் ஒழுங்காக இருந்த நாய், மாலையில் அக்கா திரும்பியதும் குரைத்து நடுங்கி வலைக்கதவில் மோதியது; பிறகு கட்டிலுக்கடியில் போய் நனைத்துவைத்தது. அம்மணியின் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி புடைத்துக்கொண்டது. தம்பி அதையெல்லாம் பார்த்ததில்லை. அவள் உள்ளே நுழையும்போது அவன் புது வேலைக்கு, வண்டி நிறுத்துமிடத்துக்கு, கிளம்பியிருப்பான்.

இப்படியே இருபத்தைந்து நாள்.

4

இங்கே எனக்கு அக்காமேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில், அவள்மேல் வீசும் ஆஸ்பத்திரி வாடை நாய்க்கு ஏதோ பழைய வலியை நினைவூட்டுவதாக எழுதியிருந்தேன். அழகான காரணம். பொய்.

நடந்தது இது. இருபத்தாறாம் நாள் தம்பிக்கு விடுமுறை. கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அம்மணி வலைக்கதவை நெருங்கியது. நாய் பயந்துவிடுமே என்று அக்கா கையை வீசி ஓரெழுத்துச் சொன்னாள். நாய் கதவில் மோதியது.

"அக்கா, இப்ப என்ன சொன்னே?"

"பூனைய வெரட்டினேன்டா."

"என்ன சொல்லி?"

"சூன்னு."

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். "போச்சு போ. மரக்கடைல எவனாவது சுவரேறிக் குதிச்சா, நான் சொல்றதே அந்த ஒரு வார்த்தைதான். அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலையும் அதான்."

பூனையைப் போகச் சொல்லவும் நாயைப் பாயச் சொல்லவும் நம்மிடம் ஒரே எழுத்து. பூனை கிட்டே வந்தால் நாய்க்குப் பயம். பாயாவிட்டால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அக்கா தினமும் சூ காட்டிவிட்டிருக்கிறாள்.

"எங்கிட்ட முன்னாலயே சொல்ல மாட்டியாடா?"

"நீ பூனைகிட்ட என்ன பேசுறேன்னு நான் ஒட்டுக் கேக்கணுமா?"

அடுத்த நாலு நாளும் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். நாலாம் நாள் காலை நாய் வலைக்கதவோரம் படுத்துக் கொட்டாவி விட்டது.

5

முடிவு அ: நாயும் பூனையும் ஒரே சாக்கில் உறங்கின. (நாட்காட்டிப் படம். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அம்மணி நாயின் மூக்கைக் கீறியது. தம்பி பெட்டியை எடுத்து— (எழுத மனம் வரவில்லை.)

முப்பதாம் நாள், ஞாயிறு. தம்பியின் ஒரு கையில் கழுத்துவார், தளர்வாக. மறு கை வலைக்கதவின் கொக்கியில். அந்தப் பக்கம் அம்மணி.

"தொறக்கவா?"

"இரு. ஒத்து வரலைன்னா—"

"அதான் சொல்லிட்டேனேக்கா. வேற எடம்—"

"என்னைப் பேச விடுடா. ஒத்து வரலைன்னா இன்னொரு மாசம் வலைக்கதவு இருக்கட்டும். அப்பவும் வரலைன்னா அதுக்கு அடுத்த மாசமும் இருக்கட்டும். என்ன மரம் இது?"

"தேக்கு."

"அப்புறம் என்ன."

தம்பி வெகுநேரம் நாயின் காதைத் தடவினான். "குழம்புல உப்பைக் கொறச்சா இருக்கலாம்" என்றான்.

பிறகு நடந்ததை அவர் என்னிடம் சொன்னார். நான் சொல்லப்போவதில்லை. நான் கவலைப்பட்டது தம்பியைப் பற்றி; அது முடிந்துவிட்டது, கொக்கியும் எடுத்தாயிற்று. கதவைத் தள்ள வேண்டியது நீங்கள். மெதுவாகத் தள்ளுங்கள். என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.