மூன்றாம் பாகத்தில் யார் எதிரி?

அக்கா கதை எழுதுவாள், தம்பி இயக்குவான். அவர்களுடைய விண்வெளிப் படத்தின் முதல் இரண்டு பாகங்களும் சக்கைப்போடு போட்டிருந்தன. மூன்றாவதில்தான் வீட்டுக்குள்ளேயே போர் மூண்டது.

முதல் பாகத்தில், வறண்டுபோன ஒரு கோளை விட்டுக் கடைசிக் கலம் கிளம்பும். இடமில்லை என்று தளபதி கதவை அடைத்துவிடுவான். வெளியே நின்றவர்களில் ஒருத்தி கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பாள். இரண்டாம் பாகத்தில் அவளே பிழைத்து, ஆள் திரட்டி, சொந்தமாக ஒரு கலம் கட்டித் துரத்தி வருவாள். இரண்டு கலங்களும் நேருக்கு நேர் நிற்க, படம் முடியும்.

“இப்போ வேற்றுக்கிரகப் படை ஒண்ணு வருது. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்து அடிக்கிறாங்க. தியேட்டர் அதிரும்க்கா!” என்றான் தம்பி.

“ரெண்டு படமா நாம வளர்த்த சண்டையை நடுவுல வந்த எவனோ தூக்கிட்டுப் போறதா? அப்போ கதவை மூடினதுக்கு யாருடா பதில் சொல்றது?”

அவள் எழுதியதில் படையே கிடையாது. தளபதியின் கலம் பழுதாகும். உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற, அவன் அந்தப் பெண்ணின் கலத்துக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

“தளபதியா நடிக்கிற ஹீரோ ஒத்துக்கிட்டா எனக்கு ஓகே. ஆனா அவர் ஒத்துக்க மாட்டார்” என்று தம்பி கையைக் கழுவிக்கொண்டான்.

“அதை எங்கிட்ட விடு.”

மறுநாள் ஒத்திகை அறையில் ஹீரோ பக்கங்களைப் புரட்டப் புரட்ட முகம் சுண்டியது. “மேடம், ரெண்டு படத்துல என்னைத் தலையில வெச்சுக் கொண்டாடினாங்க. இப்போ நான் போய்க் கெஞ்சணுமா? யார் கை தட்டுவாங்க?”

“கை தட்ட மாட்டாங்க சார். மூச்சு விடாம பார்ப்பாங்க. ஒரு தடவை படிச்சுப் பார்ப்போம். அவ வசனத்தை நான் சொல்றேன்.”

வேண்டா வெறுப்பாக எழுந்து நின்றார். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவர் கதவைத் தட்டுவதுபோல் மேசையைத் தட்டினார்.

“எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டாள் அவள். முதல் பாகத்தில் கதவை அடைக்கும் முன் தளபதி அந்தப் பெண்ணிடம் கேட்ட அதே கேள்வி. குரலில் கோபமே இல்லை.

அடுத்து அவருக்கு ஒரு பக்க வசனம் இருந்தது. ஏன் கதவை மூடினேன், எத்தனை இரவு தூங்கவில்லை என்றெல்லாம். அக்கா ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. ஹீரோ வாயைத் திறந்தார், மூடினார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, போச்சு என்பதுபோல் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

“இதை எடுத்துடுங்க மேடம்” என்றார் ஹீரோ.

“சீனையா?”

“இல்ல. இந்த வசனத்தை. அவ இப்படிக் கேட்ட பிறகு இவன் என்னத்தைச் சொன்னாலும் சாக்குதான். சும்மா நிக்கட்டும். நான் நின்னு காட்டுறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கத்தில்தான் அவள் தன் திறமையையெல்லாம் கொட்டியிருந்தாள். மனசுக்குள் வசனமே இல்லாமல் காட்சியை ஓட்டிப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. எழுதியவள் அவளேயானாலும் தளபதியை அவரல்லவா சுமந்துகொண்டிருக்கிறார்! பேனாவை எடுத்துக் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

“எவ்வளவு நேரம் சார் சும்மா நிப்பீங்க?”

“தியேட்டர்ல யாராவது ‘கதவைத் திறம்மா’ன்னு கத்துற வரைக்கும்.”

தம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு மேசைக்கு வந்தான். “சரி, படை வேண்டாம். ஆனா இடைவேளைக்கு முன்னாடி ஒரு துரத்தலாவது குடுக்கா. நானும் பொழைக்கணும்ல?”

“ஒண்ணு தரேன்” என்றாள் அக்கா. “அதுலயும் எதிரி உள்ளதான் இருப்பான்.”